கண்ணைக் கட்டினால் புரிந்துவிடுமா?

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மாற்றுத்திறனாளிகள் பற்றி வகுப்பெடுக்கச் சொன்னதால், போன வருடம் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி வராந்தாவில் நடக்கவிட்டேன். சிரிப்பும் கூச்சலுமாகத்தான் ஆரம்பித்தது, கடைசியில் ஒரு பெண் அழுதேவிட்டாள். ‘பாவம் மிஸ் அவங்க, எப்படித்தான் வாழ்றாங்களோ’ என்றாள். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது. இந்த வருடமும் இதையே செய்யலாமா?

பதில்: உறுத்தினது நல்லதுக்குத்தான், அதை அப்படியே திரும்பச் செய்யாதீர்கள். கோலைத் தட்டி நடப்பது, சத்தத்தை வைத்துச் சுவர் எங்கே இருக்கிறது என்று கணிப்பது, விரலால் படிப்பது எல்லாம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பழகி வருகிற வித்தை. அதில் ஒன்றையும் கொடுக்காமல் துணியை மட்டும் கட்டிவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது பார்வை போன முதல் பத்து நிமிடத்தின் பயம், அந்தப் பயம்தான் ‘பாவம்’ என்று வாயில் வருகிறது. நீச்சல் தெரியாதவனைக் குளத்தில் தள்ளிவிட்டு, நீந்துகிறவர்களுக்கு எப்படியிருக்கும் தெரிந்ததா என்று கேட்ட மாதிரி. 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிச் சில வேலைகள் செய்து பார்த்தவர்கள், கட்டாதவர்களைவிட, ‘பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியாது’ என்ற பக்கமே அதிகம் சாய்ந்தார்களாம்.

அதற்காகக் கையால் செய்து பழகுவதையே விட்டுவிட வேண்டாம். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புள்ளியெழுத்துதான் பிரெயில், அதை எழுதுகிற சிலேட்டும் எழுத்தாணியும் கிடைத்தால் ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைக் குத்தி எழுதச் சொல்லுங்கள். தாளின் பின்பக்கம் குத்தினால்தான் முன்பக்கம் புள்ளி எழும்பும், அதனால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட வேண்டும். ‘அ’வுக்கு ஒரே ஒரு புள்ளி, படிக்கும்போது இடது மேல் மூலையில் இருப்பதை எழுதும்போது வலது மேல் மூலையில் குத்த வேண்டும். பாதிப் பேர் மறந்துபோய் இடமிருந்து குத்திவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தால் பெயர் இடவலம் மாறி ஓடியிருக்கும். ஆறே புள்ளிகளில் 63 வடிவங்கள். 1824-ல் இதை உருவாக்கியபோது லூயி பிரெயிலுக்கு 15 வயது, உங்கள் பிள்ளைகளைவிட நாலைந்து வயதுதான் கூட என்பதையும் சொல்லுங்கள். இதைச் செய்துபார்த்த பிள்ளை பாவம் என்று சொல்லாது, இதைப் போய் எப்படி இவ்வளவு வேகமாகப் படிக்கிறார்கள் என்று கேட்கும்.

அப்புறம் உதட்டை வாசிக்கிற ஆட்டம். சத்தமே வராமல் ‘பணம்’ என்று சொல்லுங்கள், அடுத்து ‘மணம்’ என்று சொல்லுங்கள். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. காது கேட்காதவர்கள் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்ற நினைப்பு அங்கேயே உடைந்துவிடும். (கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அன்றைக்கு நமக்கும் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.)

சக்கர நாற்காலி விஷயத்தில், அதில் உட்காரவைத்து ரேஸ் விடாதீர்கள். கையில் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். சாய்தளத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 1-க்கு 12. 15 சென்டிமீட்டர் உயரப் படி என்றால் 180 சென்டிமீட்டர் நீளச் சரிவு வேண்டும். உங்கள் வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு 80 சென்டிமீட்டராவது திறக்கிறதா, தண்ணீர்க் குழாய் உட்கார்ந்த கைக்கு எட்டுமா என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்து வரட்டும். அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், அதற்கும் பாராட்டு கிடைக்கிறதா பார்ப்போம்.

முடிந்தால் வகுப்பை நடத்த ஒரு மாற்றுத்திறனாளியையே கூப்பிடுங்கள், சோகக் கதை சொல்ல இல்லை, பிரெயிலோ சைகை மொழியோ கற்றுக்கொடுக்க. மற்ற ஆசிரியருக்குக் கொடுப்பதுபோலச் சம்பளமும் கொடுங்கள். 1988-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் ‘இருட்டில் உரையாடல்’ என்ற கண்காட்சி தொடங்கியது, கும்மிருட்டு அறைகளில் பார்வையாளர்களைக் கூட்டிப்போகிறவர்கள் பார்வையற்றவர்கள். அங்கே தடுமாறுகிறவர் யார், வழி தெரிந்தவர் யார் என்பது மாறிவிடுகிறது. உங்கள் வகுப்பிலேயே மாற்றுத்திறனுள்ள பிள்ளை இருந்தால், முதலில் தனியாக அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். கேட்காமல் எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பொது இடத்தில் என் ஆறு வயது மகன் ‘அந்த அங்கிளுக்கு ஏன் ஒரு கால் இல்லை?’ என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சரிதானே?

பதில்: இல்லை. அவன் கேட்டதில் தப்பில்லை, நீங்கள் இழுத்த வேகத்தில்தான் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று படித்துக்கொண்டான். ‘சிலருக்கு அப்படித்தான் இருக்கும், அவர் ஊன்றுகோல் வைத்து நடக்கிறார் பார்’ என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். ஏன் என்பது அவருடைய சொந்த விஷயம், விருப்பமிருந்தால் அவர் சொல்வார்.

கேள்வி: சாலையைக் கடக்க நின்ற பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்து உதவப் போனேன், வெடுக்கென்று உதறிவிட்டார். உதவப் போனது தப்பா?

பதில்: கேட்காமல் பிடித்ததுதான் தப்பு. திடீரென்று யாரோ உங்கள் கையைப் பிடித்து இழுத்தால் நீங்களும் உதறத்தான் செய்வீர்கள். ‘உதவி வேணுமா சார்?’ என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் உங்கள் கையை நீட்டுங்கள், அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வருவார். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மேலே கேட்ட ஆசிரியை கவனிக்க: கண்ணைக் கட்டியே ஆக வேண்டும் என்றால் இதற்குக் கட்டுங்கள். முதலில் இன்னொரு பிள்ளை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகட்டும், அப்புறம் முழங்கையைப் பிடிக்கவைத்துக் கூட்டிப்போகட்டும். பாடம் கூட்டிப்போகிற பிள்ளைக்குத்தான். பார்வையற்றவரை உட்காரவைக்கத் தோளை அழுத்த வேண்டியதில்லை, நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்தால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார். அங்கிருந்து நகரும்போது ‘கிளம்பறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.