சேவல் மிதித்து முதுகு மொட்டையான கோழிக்குச் சட்டை தைக்கலாமா?

பட்டர்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் நாலு பெட்டையும் ஒரு சேவலும் வளர்ப்பதாகவும், ஒரு பெட்டைக்கு முதுகு இறகே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தைக்கலாம். முழுச் சட்டை வேண்டாம், முதுகை மூடினால் போதும்.

பழைய ஜீன்ஸ் கால் ஒன்றே தாராளம். கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, கழுத்துப் பக்கம் குறுகலாகவும் வால் பக்கம் அகலமாகவும் வெட்டுங்கள். இரு ஓரத்திலும் எலாஸ்டிக் வளையம் தைத்து, அதில் இறக்கைகளை நுழைக்கவேண்டும். வளையத்துக்குள் உங்கள் விரல் இலகுவாகப் போகணும். நான் முதலில் இறுக்கித் தைத்துவிட்டேன், பாவம், கோழி பின்பக்கமாகவே நடந்தது! நூல் பிசிறு விடாதீர்கள், கொத்தி விழுங்கிவிடும்.

நம்மூர்ப் புழுக்கத்துக்கு ஒற்றைத் துணிதான் சரி. மழையில் நனைந்தால் உடனே கழற்றுங்கள். வாரம் ஒருமுறை தூக்கி, பேன் இருக்கிறதா பாருங்கள். புண் இருந்தால் ஆறும்வரை போடவே கூடாது, ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

முறிந்த இறகின் அடித்தண்டு உள்ளேயே இருந்தால், அடுத்த இறகுதிர்ப்பில்தான் புதிது முளைக்கும். ஆனால் சட்டை மட்டும் போதாது, ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது வேண்டும். நாலுக்கு ஒன்று என்றால், சேவலைத் தனிக்கூண்டில் போடுவதுதான் முதல் வேலை.