ஹோண்டா ஜெட்டின் என்ஜின் இறக்கைக்கு மேல் இருப்பது ஏன்?

தேவகோட்டையிலிருந்து ஓர் அன்பர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மற்ற சிறிய பிசினஸ் ஜெட்டுகளில் என்ஜின் வால்பக்கம் ஒட்டியிருக்க, ஹோண்டா ஜெட்டில் மட்டும் இறக்கைக்கு மேல் நிற்பது வெறும் தோற்றத்துக்காகவா என்பது முதல் கேள்வி; அப்படியொரு விமானம் செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தில் இறங்குமா என்பது இரண்டாவது. காரைக்குடியில் இயந்திரப் பொறியியல் கற்பிப்பவன் என்பதால் முதல் கேள்விக்கே அதிகம் எழுதுகிறேன்.

தோற்றத்துக்காக அல்ல, இடத்துக்காக. என்ஜின்களை உடற்பகுதியின் பின்புறம் பொருத்தினால், அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உடலுக்குள் புகுந்து செல்ல வேண்டியிருக்கிறது. அதனால் பயணிகளுக்கோ பெட்டிகளுக்கோ கிடைக்க வேண்டிய இடம் போய்விடுவதோடு, இரைச்சலும் அதிர்வும் நேராக அறைக்குள் வந்துவிடுகின்றன. பெரிய விமானங்களைப் போல இறக்கைக்குக் கீழே தொங்கவிடலாமே என்றால், இவ்வளவு சிறிய விமானத்தில் இறக்கை தரையை ஒட்டியே இருக்கும். என்ஜினுக்காகச் சக்கரக் கால்களை நீட்டினால் எடை ஏறும். எஞ்சியது இறக்கையின் மேற்புறம்தான்.

அங்கே வைக்கப் பலரும் தயங்கியதற்குத் தக்க காரணம் உண்டு. இறக்கையின் மேற்பரப்பில் காற்று ஏற்கெனவே வேகம் கூடித்தான் ஓடுகிறது. அதன்மேல் என்ஜின் கூட்டையும் வைத்தால், இரண்டுக்கும் இடையே காற்று நெருக்குண்டு, சில இடங்களில் ஒலியின் வேகத்தையும் தாண்டி, அதிர்ச்சி அலை உண்டாகி, இழுவை கூடிவிடும். ஜெர்மனியின் வி.எஃப்.டபிள்யூ 614 என்ற பயணிகள் விமானம் இந்த அமைப்புடன் 1971இலேயே பறந்தது. ஆனால் இருபதுக்கும் குறைவான விமானங்களே தயாராயின. ஹோண்டாவின் விமானப் பொறியாளர் மிச்சிமாசா ஃபுஜினோ, கணக்கிட்டும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும், என்ஜின் கூட்டின் முன்விளிம்பு இறக்கை அகலத்தின் முக்கால் பங்கு அளவுக்குப் பின்தள்ளி, குறிப்பிட்ட உயரத்தில் அமைந்தால் நிலைமை தலைகீழாகிறது என்று கண்டார். அந்த இடத்தில் வைக்கும்போது, இழுவை திடீரென ஏறத் தொடங்கும் வேகம், என்ஜினே இல்லாத வெறும் இறக்கைக்கு உள்ளதைவிடச் சற்று மேலே போகிறது. பாதகம் எதுவோ அதையே சாதகமாக்கியதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. 'புதுமையான தோற்றம்' என்று விளம்பரங்கள் சொல்வது அதில் கால்வாசிகூட இல்லை.

இறக்கையின் மேல்தோலும் கவனிக்கத்தக்கது. காற்று கலையாமல் அடுக்கடுக்காக வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே எஸ்.எச்.எம்-1 என்ற இறக்கை வடிவத்தை வகுத்து, அதை டி-33 என்ற பயிற்சி ஜெட் ஒன்றின் இறக்கைமேல் பொருத்திப் பறந்து சோதித்தார்கள். இதற்கு வடிவம் மட்டும் போதாது, பரப்பும் ஒத்துழைக்க வேண்டும்: ஆணித்தலை துருத்தினாலோ, இரண்டு தகடுகள் சேருமிடத்தில் மேடு தட்டினாலோ காற்றோட்டம் அங்கேயே கலைந்துவிடும். கானாடுகாத்தான் வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் வழவழப்பு புரியும். அதனால் இறக்கையின் மேல்தோலைப் பல துண்டுகளாக ஒட்டாமல், தடித்த அலுமினியத்தைக் கடைந்து எடுக்கிறார்கள். உடற்பகுதி மட்டும் கார்பன் இழைக் கலவையால் ஆனது.

இந்த எண்ணம் விற்பனைக்கு வரும் விமானமாக மாறப் பிடித்த காலம் கொஞ்சமல்ல. ஹோண்டா 1986இல் விமான ஆய்வில் இறங்கியது, எம்.எச்.02 என்ற ஆய்வு விமானம் 1993இல் பறந்தது. ஹோண்டா ஜெட்டின் முதல் மாதிரி 2003 டிசம்பரில் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் மேலெழுந்தது. அந்நாட்டு அரசின் முழுச் சான்று கிடைத்ததோ 2015 டிசம்பரில். ஜெனரல் எலக்ட்ரிக்குடன் (ஜி.இ.) சேர்ந்து உருவாக்கிய எச்.எஃப்.120 என்ஜினுக்கே 2013 டிசம்பரில்தான் சான்று வந்தது. புதிய உடலையும் புதிய என்ஜினையும் ஒரே நேரத்தில் கையில் எடுப்பவர்களுக்கு இந்தத் தாமதம் தலையெழுத்து. எக்லிப்ஸ் 500 என்ற சிறு ஜெட்டை உருவாக்கிய நிறுவனத்தார் ஒரு சின்னஞ்சிறிய என்ஜினை நம்பி விமானத்தை வரைந்து, 2002இல் பறக்கவிட்ட பிறகு அந்த என்ஜின் போதாதென்று பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் என்ஜினுக்கு மாறி, 2006இல் சான்று பெற்று, 2008இல் திவாலாயினர். ஹோண்டா தாக்குப்பிடித்ததற்கு அதன் வடிவமைப்பைவிட, காரும் மோட்டார் சைக்கிளும் ஈட்டித்தந்த பணமே காரணம் என்பது என் கணிப்பு.

இனி ஓடுதளம். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்திய அழகப்பச் செட்டியாரின் வட்டாரத்தில் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். ஹோண்டா ஜெட் மேலெழச் சுமார் 1,200 மீட்டர் போதும் என்பது கடல்மட்டத்தில், 15 டிகிரி குளிரில் சொல்லும் கணக்கு. நம் சித்திரை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து, என்ஜினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் ஒருசேரக் குறைவதால், அதே எடைக்கு இன்னும் நீளமான தளம் தேவைப்படும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில் நீளத்தைவிட மேற்பரப்புதான் முதல் தடை. ஜல்லி பெயர்ந்த தளத்தில் ஜெட்டை ஓட்டிவரப் பொறுப்புள்ள எந்த விமானியும் ஒப்பமாட்டார். புதிதாகத் தளம் போடும்வரை, மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி மீதித் தூரத்தைக் காரில்தான் வர வேண்டும்.