திரஷ் பீரங்கிப் படகும் 38 நிமிடப் போரும்

கேள்வி: பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர், இளவரசராக இருந்தபோது தலைமை வகித்த 'திரஷ்' என்ற பீரங்கிப் படகு, சான்சிபாரில் 38 நிமிடத்தில் ஒரு போரையே முடித்தது என்று படித்தேன். உலகிலேயே மிகச் சிறிய போராம்! இந்த வீரக் கப்பலையும் அதன் தளபதிகளையும் பற்றி உங்கள் மாணவர் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுதுங்கள். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வேறு செய்திகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள். ஜார்ஜ் திரஷில் இருந்தது 1890-91இல். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் போர் நடந்தது 1896 ஆகஸ்ட் 27 அன்று. அப்போது அவர் யார்க் கோமகன். திருமணமாகி இரண்டு மகன்களுக்குத் தந்தை. அந்தக் கப்பலை விட்டு இறங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சான்சிபாரில் விழுந்த குண்டு ஒன்றுக்குக்கூட அவர் உத்தரவிடவில்லை. அதற்கான பெருமையும் பழியும் அவரைச் சேராது.

திரஷில் அவர் என்ன செய்தார்? இளம் லெப்டினன்ட்டாகக் கப்பலை ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்திலிருந்து ஜிப்ரால்டர் வரை ஒரு டார்பிடோ படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். பிறகு அட்லான்டிக்கைக் கடந்து வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் பணியாற்றினார். 1891 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒரு பெரிய கண்காட்சியைத் திறந்து வைத்தார். அந்தக் கோடையில் நாடு திரும்பினார், கமாண்டராகப் பதவி உயர்வு பெற்றார். சண்டை எதுவும் இல்லை. அண்ணன் ஆல்பர்ட் விக்டர் உயிரோடு இருந்ததால், அரியணை இவருக்கு வரும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. 1892 ஜனவரியில் அண்ணன் இறந்த பிறகுதான் எல்லாம் மாறியது. கடலோடியாகவே வாழ்ந்துவிட நினைத்த ஓர் இளைஞனின் நல்ல காலம் அது. அதை அப்படியே எழுதினால் போதும், போரை அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. கப்பலின் வரலாறு என்றாலே தலைமை வகித்தவர்களின் பட்டியல் என்று நாம் பழகிவிட்டோம். பட்டியலில் பெரிய பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் கப்பல் செய்ததெல்லாம் அந்தப் பெயரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் விக்டோரியா காலத்துப் பீரங்கிப் படகுகளுக்குத் தலைமை வகித்தவர்கள் பெரும்பாலும் இளம் லெப்டினன்ட்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மாலுமிகளோடு சேர்ந்து மாறிப் போவார்கள். எங்கே போக வேண்டும், யாரைச் சுட வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் அட்மிரல்களும் தூதர்களும் லண்டன் அமைச்சர்களும்தான்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1889இல் ஸ்காட்லாந்தின் கிரீனக்கில் கடலில் இறக்கப்பட்டது. ரெட்பிரெஸ்ட் வகையைச் சேர்ந்த ஒன்பது கப்பல்களில் ஒன்று. ஒன்பதுக்கும் பறவைப் பெயர்கள். 805 டன், 165 அடி நீளம், ஆறு 4 அங்குலப் பீரங்கிகள், 13 நாட் (மணிக்குச் சுமார் 24 கி.மீ.) வேகம். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை அடித்த உடல். பாயும் உண்டு, நீராவி இயந்திரமும் உண்டு. இன்னொரு நாட்டின் பெரிய போர்க்கப்பலோடு மோத இதனால் முடியாது, அதற்காகக் கட்டப்பட்டதும் அல்ல. ஆழம் குறைந்த கரையோரத்திலும் ஆற்று முகத்திலும் நுழைந்து, பீரங்கி இல்லாதவர்களுக்கும் பழைய பீரங்கி மட்டும் வைத்திருந்தவர்களுக்கும் எதிரே நிற்பதுதான் இதன் வேலை. மாணவர்களுக்கு எழுதும்போது இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

1895 பிப்ரவரியில் அந்த வேலை மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில் உள்ள நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் நடந்தது. உங்கள் கேள்வியில் அது இல்லை. திரஷைப் பற்றிப் பேசுகிற பலரும் அதைத் தாண்டித்தான் போய்விடுகிறார்கள்.

நெம்பே என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட பிராஸ் மக்கள், தலைமுறை தலைமுறையாகப் பாமாயில் வியாபாரம் செய்தவர்கள். உள்நாட்டில் எண்ணெயை வாங்கி வந்து கரையில் ஐரோப்பியர்களுக்கு விற்பார்கள். சதுப்பு நிலத்தில் பயிர் சரியாக விளையாது; சாப்பாடே அந்த வியாபாரத்தில்தான் வந்தது. 1886இல் ராயல் நைஜர் கம்பெனி என்ற வணிக நிறுவனத்துக்கு, அந்தப் பகுதியை ஆளும் உரிமைப் பத்திரத்தை பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. உடனே கம்பெனி, பிராஸ் மக்கள் தன் எல்லைக்கு வெளியே வசிப்பதால் அவர்கள் அன்னியர்கள் என்றது. அவர்களுடைய பழைய சந்தைகளில் நுழையவே ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம் கேட்டது, அதற்கு மேல் வேறு வரிகளும் போட்டது. கட்டாமல் போனவர்களின் படகுகளையும் சரக்கையும் பிடுங்கியது. முறையிட்டுப் பார்த்தார்கள், பலன் இல்லை.

1895 ஜனவரி 29 விடியலில், ஒரு காலத்தில் கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியராக இருந்த அரசர் ஃபிரெடரிக் வில்லியம் கோகோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் போர்ப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய் அகாசாவில் இருந்த கம்பெனித் தலைமையிடத்தைத் தாக்கினார். பிடித்துப்போன கைதிகளில் பலரை அவருடைய ஆட்கள் கொடூரமாகக் கொன்றார்கள். அதை மறைத்து எழுதச் சொல்ல மாட்டேன். அந்தக் கைதிகளும் கம்பெனிக்குக் கூலி வேலை செய்ய வந்த ஆப்பிரிக்கர்களே.

அப்புறம் கடற்படை வந்தது. ரியர் அட்மிரல் பெட்ஃபோர்டின் கீழ் செயின்ட் ஜார்ஜ், பாரோசா, விட்ஜன், திரஷ் ஆகிய கப்பல்களின் மாலுமிகள் ஓடைகள் வழியாகப் போய் நெம்பேயை எரித்தார்கள். எரித்து முடித்த பிறகுதான் விசாரணைக்கு ஆள் அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த அனுபவசாலியான சர் ஜான் கிர்க் அந்த ஆண்டே போய் விசாரித்தார். பிராஸ் மக்களின் குறைகளில் நியாயம் இருக்கிறது என்பதே அவர் கண்டது. 1900 பிறந்தபோது கம்பெனியின் ஆட்சி உரிமை பறிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஊர் எரிந்தது எரிந்ததுதான். கோகோ பதவி இழந்து, தலைமறைவாக அலைந்து, 1898இல் இறந்துபோனார்.

இப்போது நீங்கள் கேட்ட சான்சிபார். 1896 ஆகஸ்ட் 25 அன்று சுல்தான் ஹமத் பின் துவைனி திடீரென்று இறந்தார். அவருடைய உறவினர் காலித் பின் பர்காஷ் உடனே அரண்மனையைக் கைப்பற்றித் தன்னைச் சுல்தானாக அறிவித்தார். சான்சிபார் அப்போது பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த நாடு. பிரிட்டிஷ் தூதரின் சம்மதம் இல்லாமல் யாரும் சுல்தான் ஆகக்கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. பிரிட்டன் ஹமூத் பின் முகமதை விரும்பியது. சமரசம் பலிக்காவிட்டால் அரண்மனை மீது சுடலாமா என்று தூதர் பேசில் கேவ் லண்டனுக்குத் தந்தி அடித்தார். பிரதமர் சாலிஸ்பரியின் அரசு அனுமதித்தது. உறுதியாக வெற்றி கிடைக்கும் என்றால் மட்டுமே இறங்குங்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. காலித்துக்குக் கொடுத்த கெடு ஆகஸ்ட் 27 காலை 9 மணிக்கு முடிந்தது. 9.02க்கு திரஷ், ஸ்பாரோ, ரக்கூன் மூன்றும் சுட்டன. திரஷின் முதல் குண்டுகளிலேயே கரையில் இருந்த பீரங்கி ஒன்று கவிழ்ந்தது. துறைமுகத்தில் சுல்தானின் பழைய கப்பல் கிளாஸ்கோ எதிர்த்துச் சுட்டு மூழ்கியது. சுமார் 500 பெரிய குண்டுகள், 4,100 இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள், 1,000 ரைஃபிள் குண்டுகள். பெரும்பாலும் மரத்தால் ஆன அரண்மனை தீப்பிடித்தது. உள்ளே காவலர்களோடு வேலைக்காரர்களும் அடிமைகளும் இருந்தார்கள்.

காலித் பக்கத்தில் சுமார் 500 பேர் இறந்தோ காயம்பட்டோ போனார்கள். பிரிட்டிஷ் பக்கத்தில் திரஷில் இருந்த ஒரே ஒரு மாலுமிக்குக் காயம், அவரும் பிழைத்தார். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் 'வீரக் கப்பல்' என்று உங்களால் எழுத முடியுமா? என்னால் முடியாது. அந்த மாலுமிகள் கோழைகள் என்று நான் சொல்லவில்லை. வீரத்தைக் காட்டும்படியான எதிர்ப்பு அங்கே இருக்கவில்லை என்கிறேன். அன்று நகரத்தில் இந்தியர்கள் வாழ்ந்த பகுதி சூறையாடப்பட்டு ஏறக்குறைய இருபது பேர் இறந்தார்கள். ஒழுங்கை நிலைநாட்ட மொம்பாசாவிலிருந்து சீக்கியப் படைவீரர்கள் வந்தார்கள். 38 நிமிடம் என்ற எண்ணை ரசித்துப் பகிர்கிற எந்தப் பதிவிலும் இதை நான் பார்த்ததில்லை.

அடிமை முறையை ஒழிக்கத்தானே என்று சிலர் வாதிடுவார்கள். காலித்துக்குப் பதிலாக பிரிட்டன் அமர்த்திய ஹமூத் ஆட்சியில், 1897இல், அடிமை முறையின் சட்ட அங்கீகாரம் நீக்கப்பட்டது உண்மை. அது நல்ல காரியம். ஆனால் அந்த 9 மணிக் கெடு கேட்டது ஒன்றைத்தான்: கொடியை இறக்கு, அரண்மனையை விட்டு வெளியேறு.

காலித் ஜெர்மன் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். வெளியே கால் வைத்தால் பிடிக்க பிரிட்டிஷ் வீரர்கள் காத்திருந்தார்கள். அக்டோபர் 2 அன்று கடல் நீர் ஏறிய நேரத்தில் ஜெர்மன் போர்க்கப்பலின் படகு தூதரகத் தோட்டம் வரை வந்தது. சான்சிபார் மண்ணை மிதிக்காமலே அதில் ஏறி தார் எஸ் சலாமுக்குத் தப்பினார். முதல் உலகப் போரில் 1916இல் பிரிட்டிஷ் படை அவரைப் பிடித்தது. செஷல்ஸுக்கும் செயின்ட் ஹெலெனாவுக்கும் நாடு கடத்தியது. அப்போது அரியணையில் இருந்தவர் ஐந்தாம் ஜார்ஜ். இந்த மன்னருக்கும் அந்தச் சுல்தானுக்கும் தொடர்பு காட்டியே ஆக வேண்டும் என்றால் இதைக் காட்டுங்கள், உண்மையாக இருக்கும்.

திரஷின் மிச்சக் காலம் இரண்டே வரி. போயர் போரின்போது தென்னாப்பிரிக்கக் கடலில் இருந்தது. 1906க்குப் பிறகு கரையோரக் காவல், பிறகு கடலடித் தந்திக் கேபிள் பணி, அதன் பிறகு சேதமடைந்த கப்பல்களை மீட்கும் பணி. 1917 ஏப்ரலில் அயர்லாந்தின் வடகிழக்கில் கிளெனார்ம் அருகே விபத்தில் உடைந்தது.

சரி, கட்டுரையை அனுப்புங்கள். மாணவர் பக்கத்தில் இடம் தருகிறேன். கோகோவும் காலித்தும் அதில் பெயரோடு வர வேண்டும், நெம்பே எரிந்ததும் வர வேண்டும். ஜார்ஜின் பங்கு கிங்ஸ்டன் கண்காட்சியோடு நிற்கட்டும்.