நூறு ரூபாய் வேலைக்கு எட்டாயிரத்து ஐந்நூறா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊர். மாமியாரும் நானும் வீட்டிலேயே கேக், பிரவுனி, தேங்காய் பன் செய்து விற்கிறோம். மாதம் நாற்பதாயிரம் வரை ஓடுகிறது. உணவு உரிமம், ஜிஎஸ்டி, உத்யம் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய் ஆகும், எடுக்காவிட்டால் சீல் வைத்துவிடுவார்கள் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? பாலக்காட்டிலிருந்தும் ஆர்டர் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீங்க. உங்கள் விற்பனை ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இந்த அளவு வியாபாரத்துக்கு உரிமமே வேண்டாம், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆனால் அந்தப் பதிவு கட்டாயம்; ‘வீட்டில்தானே செய்கிறோம்’ என்று விட்டுவிட முடியாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆயிற்று. அரசுத் தளம் மாதிரியே ஜோடித்துப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய உண்டு, முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. இந்த இடைத்தரகர்கள் விண்ணப்பத்தில் தங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஓடிபி, நோட்டீஸ் எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். முகவரி மாற்ற வேண்டுமென்றாலும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும், மறுபடியும் ஒரு தொகை. இன்னொன்று, தொழில் வகை. நீங்கள் தயாரிப்பாளர். அவசரத்தில் ‘சில்லறை விற்பனை’ என்று தட்டிவிட்டுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆய்வுக்கு வந்தவர் அடுப்படியைப் பார்த்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். 14 இலக்கப் பதிவு எண் வந்ததும் பெயர், முகவரி, தொழில் வகை மூன்றையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்குக் காரணம், உணவுப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் அந்த ஃபாஸ்காஸ் இணையதளம்தான். புகைப்படமும் அடையாள அட்டையும் கேட்கும் ஒரு சின்னப் பதிவுக்கு இத்தனை பெட்டிகள், அதுவும் வக்கீல் ஆங்கிலத்தில்! கேக் செய்கிறவர் ‘கைண்ட் ஆஃப் பிசினஸ்’ பட்டியலில் தன்னை எங்கே தேடுவார்? பிள்ளைகளையோ பொதுச் சேவை மையத்தையோ உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். விண்ணப்பித்து 7 நாளில் பதிவு தரவேண்டும், மறுக்கவேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிடவேண்டும். எதுவுமே நடக்கவில்லை என்றால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. இதைத் தரகர் சொல்லமாட்டார்.

ஜிஎஸ்டிக்கு வருவோம். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 40 லட்சம். உங்களுக்கு வேண்டாம். ஆனால் பாலக்காடு என்றீர்களே, அங்கேதான் சிக்கல். வாளையார் எல்லையைத் தாண்டி நீங்கள் ஒரே ஒரு கேக்கை அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநில விற்பனை. அப்போது 40 லட்சக் கணக்கு செல்லாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பார்சல் சர்வீஸில் போட்டாலும், உங்கள் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதே கதைதான். அதுவே பாலக்காட்டுக்காரர் தன் வீட்டுப் பிறந்தநாளுக்காகப் பொள்ளாச்சிக்கு வந்து, உங்கள் வாசலில் காசு கொடுத்துக் கேக்கை வாங்கிப் போனால், அது இங்கே நடந்த விற்பனை. அவர் எந்த ஊர் என்பது கணக்கில்லை. பில்லில் மட்டும் அவருடைய கேரள முகவரியை எழுதி வைக்காதீர்கள். அங்கே இருக்கும் ஒரு கடைக்குத் தொடர்ந்து சரக்குப் போடுகிற யோசனை இருந்தால் இந்த வழி உதவாது, பதிவை எடுத்துவிட்டே இறங்குங்கள்.

பெட்டியில் முட்டை விஷயம் தெளிவாக இருக்கட்டும். நாமக்கல் முட்டை ஒன்று சேர்ந்தாலும் சட்டப்படி அது அசைவம், பச்சைக் குறி போடக்கூடாது. புரட்டாசியில் ‘எக்லெஸ்’ கேட்பவர்கள் நம்பித்தான் வாங்குகிறார்கள். கடையில் வாங்கும் பிரீமிக்ஸிலேயே சிலவற்றில் முட்டைப் பொடி இருக்கும், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஊத்துக்குளி வெண்ணெய் என்று சொல்லி மார்ஜரின் போடுகிற வேலையும் வேண்டாம். கேஸில் சுடுவதாக இருந்தால் வீட்டு உபயோகச் சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக்கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்கள்.

பதிவு உங்கள் பெயரிலா, மாமியார் பெயரிலா என்று வீட்டில் பேச்சு வரும். கேக் காசு யார் வங்கிக் கணக்கில் விழுகிறதோ அவர் பெயரிலேயே எடுங்கள்.