வாசகர் கேள்வி பதில்: தைம் எக்ஸ்ட்ராக்ட் எதற்கு, எவ்வளவு?

நாத்தனார் ஜெர்மனியிலிருந்து தைம் இருமல் சிரப் வாங்கி வந்தார். 68 வயதான என் மாமியாருக்குக் கொடுக்கலாமா? தைமுக்குத் தமிழில் என்ன பெயர்?
– வாசகி, கோவை

தமிழ்ப் பெயர் தேட வேண்டாம் அம்மா, அது மத்திய தரைக்கடல் ஓரத்துச் செடி, நம் நீலகிரியிலும் கொஞ்சம் பயிரிடுகிறார்கள். ஆனால் அதன் வாசம் நமக்கு ரொம்பப் பழக்கம். காய்ந்த தைம் இலையை ஒரு உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை ஓமத்தை இன்னொரு உள்ளங்கையிலும் வைத்துக் கசக்கி மோந்து பாருங்கள், அந்தச் சுருக்கென்ற காரம் இரண்டிலும் ஒன்றுதான். அதற்குக் காரணமான பொருளின் பெயர் தைமால். முதல் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனிக்காரர்கள் தைமால் எடுக்க இந்தியாவிலிருந்து ஓமத்தைத்தான் கப்பலில் வரவழைத்தார்கள் என்றால் பாருங்களேன். வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஓமவல்லிக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்த வாசத்தால்தான்.

சரி, சிரப்புக்கு வருவோம். ஐரோப்பாவில் சளி கட்டிய இருமலுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தைம் கொடுக்கிறார்கள், ஐரோப்பிய மருந்து முகமையும் நெடுநாள் பழக்கத்தின் அடிப்படையில் அதை ஏற்றிருக்கிறது. நெடுநாள் பழக்கம் வேறு, பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது வேறு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் சிரப்பில் சர்க்கரை எவ்வளவு என்று லேபிளைப் பாருங்கள், சொட்டு மருந்து வகைகளில் ஆல்கஹாலும் இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்தச் சிரப்பையும் நம்பி உட்காராமல் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், இலவசம்தான். மூச்சு வாங்கினாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

சிரப் தீர்ந்துவிட்டால் கடையில் கிடைக்கும் காய்ந்த இலையே போதும். ஒரு டீஸ்பூன் இலை, அதாவது 1 முதல் 2 கிராம், அதன் மேல் 150 மில்லி கொதித்த நீர், 10 நிமிடம் மூடி வைக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நிற்கும் நீரைக் கீழே உதறாதீர்கள். ஆவியோடு கிளம்பிய எண்ணெய் அதில்தான் இருக்கிறது, தம்ளருக்குள்ளேயே வழித்துவிடுங்கள்.

பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய் போல தைம் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். ஈறு வெளுத்து எரிகிறது. மவுத்வாஷில் இதே பொருள்தானே இருக்கிறது?
– வாசகர், திருச்சி

முதலில் ஈறை நல்லெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள், வெறும் தண்ணீரில் இந்த எண்ணெய் கரையாது. அப்புறம் கொப்பளித்துவிட்டு, நாளைக்கே பல் டாக்டரைப் பாருங்கள், பல் வலிக்கும் சேர்த்துத்தான்.

மவுத்வாஷில் தைமால் இருப்பது உண்மை. 1879-ல் வந்த லிஸ்டரினில் இன்றும் இருக்கிறது, ஆனால் எவ்வளவு தெரியுமா? 0.064 சதவீதம். நீங்கள் வைத்த எண்ணெயில் பாதிக்குப் பாதி தைமாலாகவே இருந்திருக்கலாம். இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கடையில் தைம் என்று எழுதி மூன்று பொருள் விற்கிறது: இலை, எக்ஸ்ட்ராக்ட், எண்ணெய். 100 கிராம் இலையில் எண்ணெய் ஒன்று இரண்டு மில்லிதான் தேறும். எக்ஸ்ட்ராக்ட் என்பது இலையைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ கிளிசரினிலோ ஊற வைத்து இறக்கியது, வீரியம் நடுத்தரம். எண்ணெய் அப்படியல்ல, அதைத் தனியாக வாயிலும் வைக்கக்கூடாது, தோலிலும் வைக்கக்கூடாது, விழுங்கவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

பருவுக்குத் தைம் சீரம் நல்லது என்கிறார்களே, வாங்கலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பருவை உண்டாக்கும் கிருமியைத் தைம் கொல்லும் என்று 2012-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பார்த்தார்கள், வழக்கமான பருக் களிம்பு மருந்தான பென்சாயில் பெராக்சைடைவிட நன்றாகவே வேலை செய்ததாம். பார்த்தது ஆய்வுக்கூடத் தட்டில், யாருடைய முகத்திலும் அல்ல. அந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டுதான் பாட்டில் பாட்டிலாக விற்கிறார்கள், எனக்கு அது கோபம்தான். வாங்குவதாக இருந்தால் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்த, முகத்தைக் கழுவிவிடும் ரக ஃபேஸ்வாஷாக வாங்குங்கள். முழங்கை மடிப்பில் இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். துளசி, புதினா ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்.

துபாயில் சாப்பிடும் சாத்தரும் தைமும் ஒன்றா?
– வாசகர், அபுதாபி

நெருங்கிய சொந்தம். அரபியில் சாத்தர் என்பது செடிக்கும் பெயர், பொடிக்கும் பெயர். செடி பெரும்பாலும் ஆரிகனோ வகை, பொடியில் அதோடு சுமாக் என்ற புளிப்புப் பழப்பொடி, எள், உப்பு சேரும்.

வீட்டில் மசாலா எண்ணெய், சிக்கன் ஊறல் கலவை செய்து விற்கிறேன். ரசாயனத்துக்குப் பதில் தைம் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்தால் கெடாமல் இருக்குமா?
– வாசகி, திருப்பூர்

ருசிக்குத் தாராளமாகச் சேருங்கள். கொத்தமல்லி போல இறக்கும்போது தூவ வேண்டியதில்லை, தைம் ஆரம்பத்திலேயே போட்டாலும் கொதியைத் தாங்கும், பிரெஞ்சுக்காரர்கள் காம்போடு கட்டாகக் கட்டிச் சூப்பில் போட்டுக் கடைசியில் எடுத்துவிடுவார்கள். கெடாமல் காக்கிற வேலைக்கு மட்டும் இதை நம்ப முடியாது. கிருமியைத் தடுக்கும் அளவுக்குப் போட்டால் சிக்கன் முழுக்க மருந்து வாடைதான் வரும், யாரும் இரண்டாவது முறை வாங்க மாட்டார்கள். எண்ணெய் சிக்கு அடிக்காமல் இருக்கப் பெரிய கம்பெனிகள் போடுவது ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட், லேபிளில் ஈ392 என்று இருக்கும். இன்னொரு விஷயம், இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: பச்சைத் தைமையும் பூண்டையும் எண்ணெயில் ஊற வைத்து பாட்டிலை வெளியில் வைத்து விற்காதீர்கள். காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், நிறமோ வாடையோ மாறாது. இலையையும் பூண்டையும் நன்றாகக் காய வைத்தே போடுங்கள், பச்சையாகச் செய்தது என்றால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் தீர்த்துவிட வேண்டும்.