விளையாட்டு ஐடி வாங்கி ஏமாந்த மகன்: போலீஸுக்குப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். துப்பாக்கிச் சண்டை ஆன்லைன் விளையாட்டு ஒன்றின் ஐடியை, அதாவது ஆடிச் சேர்த்த துப்பாக்கி, சட்டையோடு இருக்கும் கணக்கை, டெலிகிராம் குழுவில் ஒருவரிடம் 18,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். எனக்குத் தெரியாமல் என் போனிலிருந்தே ஜிபே செய்திருக்கிறான். பத்து நாள் கழித்து, விற்ற ஆளே பழைய மின்னஞ்சல் வழியாக பாஸ்வேர்டை மாற்றி ஐடியை எடுத்துக்கொண்டு, மகனை பிளாக் செய்துவிட்டார். இல்லாத துப்பாக்கிக்கும் சட்டைக்கும் புகார் கொடுத்தால் போலீஸில் சிரிக்க மாட்டார்களா? மகன் மேலேயே வழக்கு வருமா? அவன் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

பதில்: புகார் கொடுங்கள் அம்மா, இன்றைக்கே கொடுங்கள். மகன் மேல் வழக்கு வராது.

"இல்லாத துப்பாக்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வாதம் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2007-இல் அங்கே இரண்டு பையன்கள், 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் அவனிடம் இருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அவை கணினியில் உள்ள வெறும் தரவுதானே, அதை எப்படித் திருட முடியும் என்று கேட்டார்கள் அவர்கள் தரப்பில். 2012 ஜனவரியில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சிறுவன் நேரமும் உழைப்பும் போட்டுச் சேர்த்தவை, அவனுக்கு மதிப்புள்ளவை, அவன் கையை விட்டு இவர்கள் கைக்குப் போயின. ஆகவே திருட்டுதான் என்றது.

நம் நாட்டிலும் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 'அசையும் சொத்து' என்றால் உருவமுள்ள பொருள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் உருவம் என்ற அந்த நிபந்தனை இல்லை. நிலமும் நிலத்தோடு பிணைந்தவையும் தவிர எல்லா வகைச் சொத்தும் அதில் அடங்கும். விளையாட்டுக்குள் இருக்கும் பொருளுக்கும் சட்டத்தின் கதவு திறந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆனால் உங்கள் புகாரை அந்தக் கதவு வழியாகக் கொண்டுபோக வேண்டாம். ஐடி இன்னும் விற்றவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளின் விதிமுறைப்படி ஐடியை விற்கவே கூடாது. ஐடியும் ஸ்கின்னும் (விளையாட்டில் துப்பாக்கி, சட்டைக்கு வரும் அலங்காரத் தோற்றம்) நிறுவனத்துக்குச் சொந்தம், ஆடுபவருக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். ஐடி திரும்பக் கிடைக்கும் என்று மகனுக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள். அவனுக்கு வலிக்கும், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

அங்கே போனது உங்கள் 18,500 ரூபாய். அது இல்லாத துப்பாக்கி இல்லையே! திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடே விற்று, பணத்தை அனுப்ப வைத்தது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை. போலிப் பெயரில் ஏமாற்றியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டுவதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. அதே ஆளிடம் ஏமாந்த வேறு பையன்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்களா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் கிடைத்தாலே பெரிய பலம்.

டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இரண்டு பக்கத்து உரையாடலையும் அழித்துவிடலாம். அதனால் முதல் வேலையாக, இன்னொரு போனை வைத்து அந்த உரையாடல் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை வீடியோ எடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். ஜிபேயில் யூபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன யூபிஐ ஐடி, தேதி, நேரம் எல்லாம் இருக்கும். அவற்றோடு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். நாள் கடந்துவிட்டதால் பணம் அந்தக் கணக்கில் இல்லாமல் போயிருக்கலாம். இருந்தால் வங்கி முடக்கும். அப்புறம் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதைத் திரும்பக் கேட்கலாம்.

பணம் உங்களுடையது, எனவே புகார் உங்கள் பெயரில் இருக்கட்டும். மகன் சாட்சி. "போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பையனைக் காப்பாற்ற நினைத்துப் பெற்றோர் சொல்லும் இந்த ஒரு பொய், உண்மையான வழக்கையே குலைத்துவிடும். நடந்ததை அப்படியே எழுதுங்கள். ஐடி வாங்கியது நிறுவனத்தின் விதியை மீறிய செயல், குற்றமல்ல. அதிகபட்சம் அந்த ஐடியை முடக்குவார்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் சூதாட்டத்தோடும் இதைச் சேர்க்க முடியாது. மேலும் 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது என்று, அன்று இந்தியாவுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903-இலேயே தீர்ப்பளித்துவிட்டது; எனவே விளையாட்டு நிறுவனத்தின் விதிமுறை ஒப்பந்தத்தைக் காட்டி மகனை மிரட்டினாலும் பயப்பட வேண்டாம்.

பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று யாராவது மகனுக்குச் செய்தி அனுப்பினால் பதிலே போட வேண்டாம். ஏமாந்தவர்களைத் தேடி வரும் இரண்டாவது கும்பல் அது.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். நீங்கள் இருப்பது திருப்பூர் மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கு, வெளியே என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, அதே புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நடவடிக்கை இல்லை என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அந்த ரசீது அப்போது தேவைப்படும்.