பிராந்தியச் செய்தியாளராக இருப்பவர் ஊடகக் கற்கையில் கலாநிதிப் பட்டம் செய்வதில் பிரயோசனம் உண்டா?

திருகோணமலையில் பிராந்தியச் செய்தியாளராக இருக்கிறேன், முதுகலை முடித்துவிட்டேன், கலாநிதிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே "நம்ம ஊர் விஷயத்தை எல்லாம் ஆய்வென்று எடுப்பார்களா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடைமுறை. இங்கே பெரும்பாலும் முதுதத்துவமாணிக்கு (எம்.ஃபில்) பதிந்து, வேலை திருப்தியாக இருந்தால் இடையில் கலாநிதிக்கு மாற்றுவார்கள். முழுநேரமென்றாலும் மூன்று வருடம் போய்விடும். வேலையோடு செய்தால் கூடும். சம்பளம் உயரும் என்று நினைத்து வராதீர்கள். செய்தி எழுதும் கை இதனால் திருந்தும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போர்க்காலத்தில் எங்கள் மாவட்டத்துச் சனங்கள் வானொலியை எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் என் தலைப்பு. முன்மொழிவைச் சமர்ப்பித்த அன்று குழுவில் இருந்த ஒருவர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "இது ஒரு சின்ன மாவட்டம், இதிலிருந்து என்ன கோட்பாடு வரப்போகிறது?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பதில் இரவுதான் வந்தது. ஊடகங்கள் எதைப் பேசுகின்றனவோ அதையே மக்களும் முக்கியமாக நினைக்கிறார்கள் என்ற கோட்பாட்டை நாம் எல்லோரும் முதல் வருடத்திலேயே பாடமாக்கினோம். அது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் சாப்பல் ஹில் என்ற ஒரு பல்கலைக்கழக ஊர். 1968 ஜனாதிபதித் தேர்தல் நேரம் மெக்கோம்ப்ஸும் ஷோவும் அங்கே 100 வாக்காளர்களிடம் கேட்டார்கள். 1972இல் வெளியிட்டார்கள். அந்த ஊரைச் சின்னது என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் சொல்ல முடியாது, பிறகு நிறைய இடங்களில் சோதித்தார்கள் என்று முறையியல் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் சோதிப்பதற்கு முதலில் ஒரு ஊரில் தொடங்கத்தானே வேண்டும்?

திருகோணமலை ஊடகத்துக்குச் சின்ன ஊருமில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கிட்ட வைத்துச் சுடப்பட்டார்கள் என்பதைக் காட்டியது செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். செய்தி என்றால் என்ன விலை என்று தெரிந்த ஊர் இது.

முன்மொழிவு கொடுத்ததற்கு அடுத்த மாதம் கிண்ணியாப் பாலம், மூதூர் தாண்டி சம்பூருக்குப் போனேன். ஒரு ஐயா, எழுபது தாண்டியவர். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் வானொலி போட்ட கதையைச் சொன்னார். மகன் கையால் பெடலைச் சுற்றுவானாம். அவனுக்குக் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும். "சுத்தடா, சுத்தடா" என்று சொல்லும்போது ஐயாவின் வலது கை தானாகச் சுற்றியது. 2006இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோதும் இரவில் பிபிசி தமிழோசையை விடவில்லையாம். கேட்போர் எதற்காக ஊடகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று என் கேள்விக்கொத்தில் ஐந்து தெரிவுகள் இருந்தன. வாசித்துக் காட்டினேன். ஐயா கேட்டுவிட்டு, "பிள்ளை, நாங்க ஊருக்குப் போகலாமெண்டு சொல்லுவாங்களா எண்டுதான் கேட்டனாங்க" என்றார். 2015க்குப் பிறகுதான் போகக் கிடைத்தது. தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது.

அந்த ஐந்து தெரிவுகளையும் அன்றைக்கே வெட்டினேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பதிலைச் சுற்றித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் படித்த வருடங்கள் முழுக்க உறவுக்காரர் "இன்னும் முடியேல்லையா, வயசு போகுதே" என்றுதான் கேட்டார்கள். தம்பி மூன்றாம் தரம் உயர்தரம் எடுத்தபோது "படிக்கட்டும், பாவம்" என்றார்கள். அவனில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வித்தியாசம் இன்றைக்கும் வலிக்கிறது. நீங்கள் தங்கச்சியாக இருந்தால் இதற்கும் சேர்த்துத் தயாராகுங்கள்.

எடுப்பார்களா என்று கேட்டால், எடுக்க வைக்கலாம். ஊரை அறிந்த ஒரு மேற்பார்வையாளர் கிடைக்கும் வரை பதியாதீர்கள். அப்புறம், செய்தி சேகரிக்கப் போன இடங்களில் எழுதிய பழைய குறிப்புப் புத்தகங்கள் வீட்டில் கிடக்கும். அச்சில் வராமல் வெட்டுப்பட்டவைதான் முக்கியம். அவற்றை முதலில் ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள், கறையான் அரிக்கும் முன்.